குடல்புண் என்றே சொல்லிவிட்டேன்

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நேற்றுக் குறையில்லாமல் முடிந்தது. புங்குடுதீவு வீடு நிறையச் சனம். உங்கள் மகள் தர்சினிக்குப் பேசியிருக்கும் நயினாதீவு மாப்பிள்ளையின் தாயும் வந்திருந்தார். பந்தியில் இருந்தபடி, உங்களுக்கு வந்தது என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டார். குடல்புண் முற்றிவிட்டது என்றேன். அப்போது என் வாய் கூசவில்லை. இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

உங்கள் கடைசி வாரத்தில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். உடம்பின் கலங்களை, அதாவது செல்களை, ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதம் ஒன்று உங்கள் புற்றுக் கலங்களில் இல்லையாம். பிடி விட்டதும் அவை கட்டியாகத் திரளாமல், தனித்தனியே கழன்று இரைப்பைச் சுவருக்குள் பரவிவிட்டன. முதல் தடவை கமரா விட்டுப் பார்த்தபோது ஒன்றும் பிடிபடாமல் போனதும் அதனால்தான். வேலணையில் உயிரியல் படிப்பிக்கிற எனக்கு இதை விளங்குவதில் கஷ்டம் இருக்கவில்லை.

"இது பரம்பரையா வாறதாயும் இருக்கலாம். உங்கட குடும்பத்தில உண்மையாவே ஒருத்தருக்கும் இருக்கேல்லையோ?" என்று அவர் மறுபடி கேட்டார்.

முதல் நாளே நாங்கள், ஒருவருக்கும் இல்லை என்றுதானே சொன்னோம்? அம்மாவுக்குக் குடல்புண். சின்னமாமாவுக்கும் குடல்புண். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் புற்றுநோய் என்ற பேச்சை எடுத்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்த பொய்யை நாங்கள் உண்மை என்றே நம்பி வளர்ந்தோம் என்பது டாக்டர் மறுபடி கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. யாராவது வாய் திறந்திருந்தால் நீங்கள் முன்பே சோதித்திருக்க மாட்டீர்களா, அக்கா?

முன்கூட்டியே தெரிந்தால் காப்பாற்ற வழியுண்டு என்று டாக்டர் சொன்னார். அந்தப் பரம்பரைக் குறை எனக்கும் இருக்கலாம், தர்சினிக்கும் இருக்கலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான், கறி பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் மகளுக்கு முன்னாலேயே அந்தப் பொய்யைச் சொன்னேன். சீ, நானும் ஒரு வாத்தியார்.

சனம் போனபிறகு அவள் சமையல் நடந்த குசினி வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"மாமா, நாளைக்கு எனக்கு வந்தாலும் குடல்புண் எண்டுதான் சொல்லுவியளோ?"

அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

திங்கட்கிழமை இருவரும் யாழ்ப்பாணம் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கிறோம். முதலில் என் கையை நீட்டுவேன். பிறகு, அவள் ஓம் என்றால், நானே நயினாதீவுக்குப் போய் அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. சம்பந்தம் போனால் போகட்டும் அக்கா, பிள்ளை இருக்கவேண்டும்.

தலைகுனிந்து நிற்கும்
உங்கள் கடைக்குட்டித் தம்பி