கலவை லாரி வருமா?

அன்பு லெஸ்யா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். "வாத்தியார் வேலை முடிஞ்ச மனுஷனுக்குக் கட்டட கம்பெனியில என்ன வேலை?" என்று புறப்படும்போது கேட்டாய். இந்த வாரம்தான் பதில் கிடைத்தது.

செவ்வாயன்று கான்கிரீட் லாரி வந்தபோது கலவையை ஊற்றுவதற்கான எங்கள் பலகை அடைப்பு முடியவில்லை. காத்திருந்ததில் கலவை இறுகத் தொடங்கியது. எங்கள் மேஸ்திரி கோர்டனோ, ஓட்டுநர் டுவெயினைத் திட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். அதிலிருந்து கலவை ஆலையில் எங்கள் போனை எடுப்பதில்லை. ஊரில் வேறு ஆலை கிடையாது. நாளையே தளம் போடாவிட்டால், அதன்பின் உறைபனி வந்து கான்கிரீட் போடவே முடியாது. வசந்தம் வரை யாருக்கும் வேலை இருக்காது.

இன்று ஆலைக்கே போனேன். லாரிகளை அனுப்பும் பெண் லுவான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க மேஸ்திரி வாய் எங்க சார், இன்னிக்கு லீவா?"

"தப்பு எங்க மேலதான்மா. பலகை ரெடியாகல."

"அதை டுவெயின்கிட்ட அவரே வந்து சொல்லட்டும். அப்புறம் லாரியைப் பத்திப் பேசலாம்."

வகுப்பில் மை கொட்டியவனே துடைத்தால்தான் பக்கத்துப் பையன் மறுபடி பேசுவான், இதுவும் அப்படித்தான். பழைய வாத்தியாராய் இதையே கோர்டனிடம் சொன்னேன். முணுமுணுத்தபடி ஆலைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பளிக் காலுறையும், நீ போட்ட பீட்ரூட் ஊறுகாயில் ஒரு பாட்டிலும் அனுப்பு. சின்ன பாட்டில் போதும்.

இதோ, கோர்டனின் வண்டி. பக்கத்தில் டுவெயின் உட்கார்ந்திருக்கிறார்! நான் ஓடுகிறேன். நம் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய வந்தவர் வேலையைப் பாதியில் விட்டுப் போய்விட்டதாக எழுதியிருந்தாயே, அவரைத் திட்டுவதற்கு முன், "எங்க பக்கம் என்ன குறை?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்.

உன்
ஸ்டெஃபன்