ஒரு சவுரி வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? தாராவியில் மழை விட்டதா? நான் நலம்.

அந்தமான் தீவுகளைச் சுற்றும் இந்தப் பாய்மரப் படகில் சமையல், துணி, முதலாளியம்மா சாதனாவின் மகளுக்குப் பாடம் எல்லாம் என் வேலைதான். "அக்கான்னு கூப்பிடு, நாம ஃப்ரெண்ட்ஸ்" என்பார்.

நேற்று ஒரு வேடிக்கை. சாதனா அக்கா பக்கத்துப் படகு விருந்தாளிகளிடம், "இவ தலைக்கே பாதி டாங்க் தண்ணி தீந்துடறது" என்று சொல்லி, கயிறு வெட்டும் கத்தரியால் என் பின்னலை வெட்டிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர் நாயை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டினேன். காற்றின் திசை பார்க்கப் பின்னலைப் பாய்மரக் கயிற்றில் கட்டியிருக்கிறார்கள்.

எண்ணெய் அனுப்ப வேண்டாம். மாட்டுங்காவில் நீளமான சவுரி ஒன்று வாங்கி வை. ஊருக்கு வந்ததும், அப்பா பார்ப்பதற்குள் தலையில் வைத்துக்கொள்கிறேன்.

பின்னல் தெற்கே திரும்பிவிட்டது. பாய் ஏற்றக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்,
பேச்சித்தாய்