பெஞ்சில் விட்ட இடம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா?

போருக்குப் போய்வந்த பெரியவர்களைப் படம் எடுக்கும் வேலை பாதி முடிந்தது. ஒவ்வொருவரையும் ஒரே பெஞ்சில் தனியாகத்தான் உட்கார வைக்கிறேன். இதுவரை ஒருவர்கூட நடுவில் உட்காரவில்லை. நேற்று வந்த பீரங்கிக்காரரிடம், "கொஞ்சம் நடுவுல வாங்கய்யா" என்றேன்.

"அப்ப அவன் எங்க உக்காருவான்?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்று சண்டை போட்டவனாம், போர்க்களத்திலேயே உயிர் போய்விட்டதாம்.

முகம் தெரிந்தால் கேமரா அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக் காட்டும். அவர் முகத்துக்கு ஒன்று போட்டது. பக்கத்துக் காலியிடத்திலும் ஒன்று போட்டது. சுவரில் ஏதோ நிழலாக இருக்கும்; கேமராவை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், தூங்க மாட்டாள்.

"அவனும் படத்துல விழுந்தான்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். தலையாட்டி வைத்தேன்.

ஒரு சின்ன வேலை, அப்பா. போன வாரம் அம்மா எடுத்து அனுப்பிய படத்தில் நீங்களும் வாசல் பெஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் நன்றாக உட்கார்ந்து வேறொன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த இடம் எனக்கென்றால் வேண்டாம். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மூத்தவள்