தோடம்பழக் கலர்ச் சட்டை

ஹென்டர்சன், ஒக்லண்ட்

மகன் றொய்ஸ்டனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், சாப்பாடு இறங்குகிறது, மழை பெய்தால் முழங்கால் மட்டும் முறைப்பாடு சொல்கிறது. உன் அக்கா இவோனும் பிள்ளைகளும் மாதா புண்ணியத்தில் சுகம். நீயும் சுகம் என்று வீடியோவில் கண்டேன், உன் காலடியில் கிடந்த பன்றியிடம்தான் சுகம் கேட்க வழியில்லை. இதை இவோன் எழுதுகிறாள், நான் சொல்வதைச் சொன்னபடி எழுது, சீனி போடாதே என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் ஓம் அப்பா ஓம் அப்பா என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், கடதாசியை அப்படி வைக்க முடியாது.

இங்கிருந்து ஆஸ்திரேலியா போய் எட்டு மாதம் ஆகவில்லை. குயின்ஸ்லாந்தில் வீட்டுக்குத் திரைச்சீலை போட நேரமில்லை என்று லூசியா சொல்கிறாள், ஆனால் உனக்கு அதற்குள் வேட்டைத் துவக்கு வந்துவிட்டது, லைசன்ஸ் வந்துவிட்டது, துவக்கைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வந்துவிட்டது. பரீட்சையில் ஒரு பிழையும் இல்லையாம். நல்லது, பேப்பரில் பன்றி ஓடாது. கலியாணம் முடித்த பதினாறு வருசத்தில் லூசியா எனக்கு முன்னால் அழுதது இது இரண்டாம் தரம், முதல் தரம் அவளுடைய தாய் செத்தபோது. மாமா, நீங்க சொன்னாத்தான் கேப்பார் என்றாள் போனுக்குள் இருந்து. நீ என் சொல்லை எப்போது கேட்டாய் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீடியோவைக் காட்டியது மவுண்ட் ஆல்பர்ட் சதாசிவம், உன்னோடு இங்கே விரியில் சாமான் ஸ்டோரில் வேலை செய்தவர். ரயிலேறி வந்து என் மூக்குக்கு முன்னால் போனை நீட்டி, ஐயா உங்கட மகன் பெரிய வேட்டைக்காரன், இரத்தம் எங்க போகும் என்றார். மூன்று தரம் போடச் சொன்னேன், பெருமையில் கேட்கிறேன் என்று அந்த மனிசன் நினைத்தது. நான் கண்டதைச் சொல்கிறேன் கேள். புல் அசைகிறது. மிருகம் தெரியவில்லை. நீ வெடி வைக்கிறாய். பிறகு ஓடிப்போய்ப் பார்த்து, பன்றி பன்றி என்று துள்ளுகிறாய், சத்தத்துக்கே அடிச்சன், அப்பா மாதிரி என்று சிரிக்கிறாய். அதே புல்லுக்குள் இருந்து, பன்றிக்குப் பத்தடி இடப்பக்கம், உன் வேலையிடத்து வெள்ளைக்காரன் எழும்பி வருகிறான். முதல் தரம் பார்க்கும்போது அவன் அங்கே இருந்தது எனக்கே தெரியவில்லை, இரண்டாம் தரம்தான் கண்டேன். நீ வெடி வைக்கும்போது அவன் எங்கே என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. முகத்தில் எழுதியிருக்கிறது. இரண்டு பேருக்கும் இலைதழை போட்ட உடுப்பு வேறு. அந்த உடுப்போடு ஊருக்குள் வந்த ஆமிக்காரர் எங்களை எங்கே இருத்தினார்கள் என்று மறந்துபோனாயா, நாலு வயதில் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவன் நீ. கடைசியில் பன்றியின் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இறைச்சியை நாறவிட்டுப் போனீர்கள். எங்களிடத்தில் ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு முதல் பங்கு போகாமல் வெடிகாரன் சட்டியை அடுப்பில் வைக்கமாட்டான்.

அப்பா மாதிரி என்றாயே, இனி இவோனுக்கும் தெரியாததைச் சொல்கிறேன். உன் ஞானத்தகப்பன் நோபேட்டுக்கு வலது கால் ஏன் இல்லை? பன்றிக்கு யாரோ கட்டிவைத்த கட்டுத்துவக்கு, கம்பியில் கால் தட்ட வெடித்தது என்பாய். ஊரும் அப்படித்தான் சொன்னது, சுவாமியாரும் பிரசங்கத்தில் சொன்னார், நீ பள்ளிக்கூடத்தில் அதையே கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கினாய். கட்டுத்துவக்கு இல்லை மகன். நான். எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம், மடு மாதா திருவிழா முடிந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை, விடிந்து வெயில் ஏறமுதல். குளத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நோபேட். தண்ணி குடிக்க இறங்கியிருக்கிறான், மண் நிறச் சாரம் கட்டியிருந்தான். புல் அசைந்தது. பன்றி என்று எனக்கு உறுதி, உனக்கு இருந்த அதே உறுதி. இடியன் துவக்கில் இடித்து நிரப்பியிருந்த ஈயச் சன்னம் முழுக்க அவனுடைய முழங்காலுக்குள் போனது. சட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு கிடந்தவன் என்னைத்தான் தேற்றினான். உன்ர துவக்குக்கு லைசன்ஸ் இல்லையடா, உள்ள போட்டிடுவாங்கள், கட்டுத்துவக்கு எண்டு சொல்லு என்றான். சொன்னேன். பொலிஸ் எழுதியது, அதற்குக் கீழே அடையாளம் போட்டேன்.

பிறகு மூன்று தரம் இடம்பெயர்ந்தோம், மூன்று தரமும் அவனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளினேன், சந்தியோகு மாதிரி ஒரு சிநேகிதன் கிடைக்குமா என்று சனம் என்னைப் புகழ்ந்தது. அவன் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டே வந்தான். உன் ஞானஸ்நானத்துக்கு அவனைக் கேட்டதும் அதனால்தான், கக்கத்தில் தடியை வைத்துக்கொண்டு ஒரு கையால் உன்னை ஏந்தினான். பதினொரு வருசத்துக்கு முன் அவன் செத்தபோது அடக்கத்தை இந்த வீட்டுக் கதிரையில் இருந்து போனில் பார்த்தேன். ஒரு நாளும் அவன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாய் இருந்திருக்கும். இவோன் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுது என்றேன்.

துவக்கை வித்துவிடு என்றால் நீ விற்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை திரும்பவும் போகிறாயாம். இந்தப் பார்சல் அதற்கு முன் வரும். நீ விரி ஸ்டோரில் போட்ட தோடம்பழக் கலர்ச் சட்டை, தூரத்திலேயே கண்ணில் குத்தும் அந்த ஒரேஞ்சுச் சட்டை, அலுமாரிக்குள் கிடந்தது, மெஷினில் போட்டால் வெள்ளிப்பட்டி உரியும் என்று கையால் தோய்த்தேன், இந்த ஊர் மழைக்கு மூன்று நாள் எடுத்தது காய. சதாசிவத்தின் சட்டையையும் கேட்டு வாங்கினேன், என்னத்துக்கு ஐயா என்று கேட்டுக்கொண்டே தந்தார். பெரியது அந்த வெள்ளைக்காரனுக்கு, முதலில் அவனுக்குப் போட்டுவிட்டுப் பிறகு நீ போடு. வெடிக்கு முதல் அவனைக் கூவிக் கூப்பிடு, பதில் வந்த பிறகுதான் விசையில் விரல். மிருகத்தின் கண்ணைக் காணாவிட்டால் துவக்கைத் தாழ்த்து. பன்றி ஓடினால் ஓடட்டும், உன்னை யாரும் பட்டினி போடவில்லை. இதில் ஒன்றைத்தானும் விட்டுவிட்டு நீ காட்டுக்குள் கால் வைத்தாய் என்று லூசியா சொன்னால், என் பிரேதத்துக்கும் வராதே.

மடு மாதா உன்னைக் காப்பாற்றட்டும், உனக்கு முன்னால் புல்லுக்குள் நிற்கிறவனையும் காப்பாற்றட்டும். லூசியாவுக்கு இந்தக் கடிதத்தை நீயே வாசித்துக் காட்டு, நடுவில் ஒன்றும் விடாதே.

எழுத்துத் தெரியாததால் சிலுவை போட்டிருக்கிறேன். அன்று பொலிஸ் கடதாசியில் போட்டதும் இதே சிலுவைதான், இதை நம்பு.

உன் அப்பா
\+ சந்தியோகு