கற்பூரம் அணைக்காதவள்

அப்பா, இன்று வெள்ளிக்கிழமை. நம் பனியன் கம்பெனியில் பூஜை. இங்கிலாந்திலிருந்து லீவுக்கு வந்த மகள் என்று என்னையும் முன்னால் நிறுத்திவிட்டார்கள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் இப்போது உங்கள் படமும் இருக்கிறது, சந்தன மாலையோடு. தம்பி கற்பூரத் தட்டை முருகனுக்குக் காட்டிவிட்டு உங்களுக்கும் காட்டினான். புகை மூக்கில் ஏறியதும் எனக்குப் பக்தி வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. தொண்டை சரியில்லை என்று சாக்குச் சொல்லி ஆபீஸ் அறைக்கு வந்து, உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

திருடனைக் கண்டுபிடிப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்று தாராபுரம் வரைக்கும் பேர். அந்தப் பேரைப் பரப்பியதும் நீங்கள்தான். "மூஞ்சியப் பாத்தாப் போதுமுங்க, சொல்லிப்போடுவேன்" என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அளந்துகொண்டிருப்பீர்கள். நான் வெளிநாட்டில் குற்ற உளவியல் முதுகலை படிக்கப்போகிறேன் என்றதும் அதையும் உங்கள் பெருமையில் சேர்த்துக்கொண்டீர்கள். "புலிக்குப் பொறந்தது பூனையாகுமுங்களா?" என்று சொந்தக்காரர்களிடம் கேட்டீர்கள். யாரைப் பார்த்து அந்தப் படிப்பை எடுத்தேன் என்று ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. உங்களைப் பார்த்துத்தான். ஆனால் நீங்கள் நினைத்த மாதிரி அல்ல.

நான் காலேஜ் லீவில் இருந்த சமயம் அது. ஏற்றுமதிக்குக் கட்டிவைத்த பெட்டிகளில் ஒன்று காணாமல் போனது. பேக்கிங்கிலும் செக்கிங்கிலும் வேலை செய்த எல்லாரையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்தீர்கள். கற்பூரத்தை ஏற்றி, "நான் எடுக்கலைன்னு சொல்லி அணைச்சுட்டுப் போங்க" என்றீர்கள். உங்கள் அக்கா மகன், பேக்கிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எனக்குக் கட்டிவைக்க நீங்கள் ஆசைப்பட்டவர், முதல் ஆளாக வந்து ஓங்கிய குரலில் சத்தியம் செய்து உள்ளங்கையால் அணைத்தார். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு மாப்பிள்ளை!

செக்கிங்கில், தைத்த பீஸ்களில் குறை பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா அக்காவின் முறை வந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்.

"எங்க வேதத்துல சத்தியமே பண்ணக்கூடாதுன்னு இருக்கு மொதலாளி. நான் எடுக்கலன்னு சொல்லுதேன். அது போதாதா?"

"எடுக்காதவிய எதுக்குங்க பயப்படோணும்? எல்லாரும் அணைச்சாங்கல்ல?"

"பயமில்ல மொதலாளி. பண்ண மாட்டேன்."

"அப்ப நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

ஒருத்தியைத் திருடி என்று ஊரறிய விரட்டும்போதுகூட 'ங்க' போட மறக்காதவர் நீங்கள். என்ன மரியாதை! அதோடு நின்றீர்களா? பக்கத்து யூனிட்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, அந்தம்மாவை வேலைக்கு எடுக்க வேண்டாமென்றும் சொன்னீர்கள். அன்று ராத்திரி அம்மா உங்களுக்குச் சோறு போட்டார். நான் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதை நீங்கள் கவனிக்கக்கூட இல்லை, முகத்தைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுகிற மனிதர்.

இங்கிலாந்து போவதற்கு விசா வாங்கும்போதே, படிக்கத்தான் போகிறேன், அங்கேயே தங்கிவிட மாட்டேன் என்று காகிதம் காகிதமாகக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. குற்றம் செய்யாதவள் எதற்கு நிரூபிக்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்க விடுவதில்லை. வகுப்பில் அவரவர் ஊரில் சந்தேகத்துக்கு ஆளானவரை எப்படி விசாரிப்பார்கள் என்று கேட்டபோது உங்கள் கற்பூரத்தைச் சொன்னேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏதோ நாட்டியம் பார்த்த மாதிரி "எவ்வளவு அழகு" என்றார்கள். அடுத்த வாரம் உடம்பில் ஒயரைச் சுற்றிப் பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷின் பற்றிப் பாடம். வேர்த்தால் சந்தேகம், உட்கார மாட்டேன் என்றால் இன்னும் சந்தேகம். உங்கள் கற்பூரம்தான், பிளக்கில் சொருக வேண்டும், அவ்வளவே. அவர்களும் உங்களை மாதிரி முட்டாள்கள்தான், ஆனால் படித்த முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்குப் படிப்பு இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

போன வாரம் அம்மா வாய் திறந்தார். பெட்டியை எடுத்தது உங்கள் அக்கா மகன்தான் என்பது சில மாதங்களிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதாம். "ஊட்டு விசயம் ஊட்டோட இருக்கட்டும்" என்று அடக்கிவிட்டீர்களாம். ஒரே வீட்டில் உங்களோடு அத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, அந்த வித்தையில் மட்டும் நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர்.

நம் ஊர் ராயபுரத்தில் விசாரித்து ஜெசிந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறார். யார் எடுத்தது என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் அதிரவில்லை.

"தெரியும் பாப்பா. உங்க அப்பா வந்தாவ."

"எங்கப்பாவா? மன்னிப்புக் கேட்டாரா?"

"கேக்க வந்த மாதிரிதான் இருந்துச்சு. எடுத்தது யாருன்னு அவுகளே சொல்லிட்டாவ. புதுசா ஒரு பைபிள் வாங்கிட்டு வந்தாவ, மேல சுத்துன கவரக்கூடப் பிரிக்கல. 'இது உங்க சாமிதானுங்களே, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு இதுமேல சத்தியம் பண்ணுங்க'ன்னாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்ல மாட்டேன், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்னேன். நம்பாமத்தான் போனாவ. நீ தெரிஞ்சிட்டு வந்ததாலதான் இப்பப் பேசுதேன்."

அவர் யாரிடமும் சொல்லவில்லை, அப்பா. தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை போதும், அதைக்கூடச் சொல்லவில்லை. அவர் வாய் திறந்துவிடுவாரோ என்று நீங்கள் சாகும்வரை பயந்துகொண்டே இருந்திருப்பீர்கள். நன்றாக வேண்டும் உங்களுக்கு.

கிளம்பும்போது பேசாமல் வந்திருக்கலாம். முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேங்க்கா. சத்தியமா!" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சும்மா சொன்னாலே நம்புவேன் பாப்பா."

கம்பெனி, தோட்டம், வீடு எல்லாம் தம்பிக்கே என்று எழுதிக்கொடுக்கப்போகிறேன். உங்களுடையது எதுவும் எனக்கு வேண்டாம் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு உரிய பங்கை எப்போதோ கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள், அப்பா. அது என் நாக்கில் இருக்கிறது.