பொக்லைன் வாளிக்கு அடியில்

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் அம்மாவும் நலந்தானே? கம்பத்தில் மழை உண்டா?

போன வாரம் இந்தக் கர்நாடகக் குவாரியில் கம்பிரசர் வைத்துப் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில், பக்கத்துப் பாறைக்கு வெடி வைக்குமுன் ஊதிய எச்சரிக்கைச் சங்கு கேட்கவில்லை. கூட வேலை பார்க்கும் கடமலைக்குண்டு ராக்கப்பன் அண்ணன்தான், "ஏலே, திரி பத்த வச்சுட்டாக, இங்கன வா!" என்று பொக்லைன் வாளிக்கு அடியில் இழுத்துப் போட்டார். காயமில்லை. காதுதான் சரியாகக் கேட்பதில்லை.

இதை நான் வெளியே சொல்லிவிடுவேன் என்று பயந்து சூப்பர்வைசர் என் போனையும் ஆதாரையும் வாங்கி வைத்துக்கொண்டார். கேட்டைத் தாண்டவும் விடுவதில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மச்சானை நேரில் அனுப்புங்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி என்னைக் கூட்டிப்போகட்டும்.

இதைத் தபாலில் சேர்க்கப்போகும் தண்ணீர் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறாராம். அண்ணன் கையைக் காட்டிச் சொல்கிறார்.

உங்கள் மகன்,
அஸ்லம்