நீ கேட்காமல் விட்ட கேள்வி

இன்று காலை இரத்தம் எடுக்கச் சொல்லும் ஒரு ரிக்வெஸ்ட் ஃபோமில் அந்தச் சொல் வந்திருந்தது. டொக்டரின் எழுத்து வழக்கம்போலக் கோழி கிளறின மாதிரித்தான் கிடந்தது. இருந்தும் "த்ரொம்போசைட்டோபீனியா" என்ற அந்த நீட்டுச் சொல்லை நான் எழுத்துக் கூட்டாமலே வாசித்தேன். வாசித்த கையோடு மனம் அதை மூன்றாக வெட்டியும் வைத்தது. த்ரொம்போ என்றால் உறைதல், சைட்டோ என்றால் கலம், பீனியா என்றால் வறுமை. இரத்தத்தை உறைய வைக்கும் கலங்கள் குறைந்துபோயின என்பதைச் சொல்ல இவ்வளவு பெரிய சொல்.

"ரத்தத்துக்கும் வறுமை வருமா புள்ள?" என்று அதைப் படித்த அன்று நீ கேட்டாய். பீனியாவுக்கு அகராதியில் அர்த்தம் தேடிக் கண்டுபிடித்ததும் நீதான். ஐந்தே நாள் டெங்குக் காய்ச்சலில் நீ அதே சொல்லில் போய்விட்டாய். உன் கடைசி ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் கண் திறந்திருந்த நேரமெல்லாம் "பிளேட்லட் எவ்வளவு, நேற்று எவ்வளவு" என்று நேர்ஸ்மாரைக் கேட்டுக்கொண்டே இருந்தாய் என்று உன் தங்கை சொன்னாள். நீ அப்படித்தான் கேட்டிருப்பாய்.

ஊசியைக் கையில் வாங்குகிறபோதெல்லாம் உன் நினைப்பு வருகிறது என்று சொன்னால் அது பொய். ஒரு நாளைக்கு அறுபது எழுபது கைகளைப் பார்க்கிறவளுக்கு எந்த நினைப்பும் நின்று பேசாது. இன்றைக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரத்தம் எடுக்கப் பழக, கல்முனையில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் நடந்த அந்த வகுப்புக்கு நீ காரைதீவில் பஸ் ஏறி வருவாய். பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய். நான் சாய்ந்தமருதில் ஏறுவேன். வந்து இருந்த உடனேயே, "சொல்லு பாப்பம், ஹீமோஸ்டேசிஸ்" என்று தொடங்கிவிடுவாய். எனக்கு அந்தச் சொற்பட்டியல் பிடிபடவே பிடிபடாது. ஹீமடோமா, ஹீமோலைசிஸ், ஹீமோஸ்டேசிஸ் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒரே முகத்தோடு நிற்கும். நான் பாராமல் சொல்லப் பழகினேன். பாடமாக்குவதில் எனக்குக் குறையில்லை, சின்ன வயதில் குர்ஆன் மதரசாவில் பழகியதுதானே. நீயோ பாடமாக்கவே மாட்டாய். "உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு பாக்காம எப்பிடிப் பாடமாக்குற?" என்பாய்.

மீன் வெட்டுகிற மாதிரி வெட்டினால் என்ன என்று நான் பகிடிக்குச் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். தலை, நடுத்துண்டம், வால். ஹீமோ என்ற தலை வந்தால் இரத்தம். வாலைப் பார்த்தால் மிச்சம் தெரியும். ஓமா என்றால் கட்டி, லைசிஸ் என்றால் உடைதல், ஸ்டேசிஸ் என்றால் நிற்றல். குத்திய இடத்தில் இரத்தம் தேங்கி நீலமாகத் தடித்தால் ஹீமடோமா. டியூபைக் கண்டபடி குலுக்கிச் சிவப்பணுக்கள் உடைந்தால் ஹீமோலைசிஸ். பஞ்சை வைத்து அழுத்த இரத்தம் நின்றால் ஹீமோஸ்டேசிஸ். ஒரு மாதத்துக்குள் அந்த வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் மீன் வெட்டத் தொடங்கியிருந்தோம்.

எங்கள் வேலையின் பேரான ஃபிளெபோடமியையும் நீ விடவில்லை. ஃபிளெபோ என்றால் நாளம், டோமி என்றால் வெட்டு. "நாங்க வெட்டுறேல்லையே சேர், குத்துறதுதானே?" என்று எழும்பி நின்று கேட்டாய். முந்தின காலத்தில் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் நாளத்தை வெட்டித்தான் இரத்தம் விட்டார்கள், அந்தப் பேர் நின்றுவிட்டது என்றார் படிப்பித்த சேர். "அப்ப வேலைய மாத்தின ஆக்கள் பேர மாத்த மறந்துட்டாங்களா?" என்றாய். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்க பாடத்தப் பாருங்க மகள்" என்றார்.

உன் சீஆர் கொப்பியின் பின்பக்கம் நோயாளிகளின் வாய்ச்சொல்லுக்கு என்று ஒதுக்கியிருந்தது. ஈடிமா என்று நாங்கள் படித்ததற்கு நேரே, "கால் உப்பிக் கிடக்கு". ஊசி போகும்போது வழுக்கிக்கொண்டு நகரும் நாளத்துக்கு நேரே, மருதமுனை மாமி ஒருத்தி சொன்னது: "ஊசியக் கண்டா என்ட நரம்பு ஓடி ஒளிச்சிரும் மகள்." இங்கிலீசிலும் அதை உருளும் நாளம் என்கிறார்கள் என்று தெரிந்தபோது உனக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். எங்கேயோ பிறந்த ஒருவரும் அந்த மாமியும் ஒரே விசயத்தைக் கண்டிருக்கிறார்கள் என்று ஒரு கிழமை சொல்லித் திரிந்தாய்.

சம்மாந்துறையிலிருந்து வந்த அந்த உழவு மெசின் டிரைவரை நினைவிருக்கிறதா? ஆள் கதவு உயரம். ரப்பர் பட்டியைக் கையில் கட்டிய உடனேயே சரிந்துவிட்டார். நாங்கள் இருவரும் தாங்கிப் பிடித்துக் கிடத்தி, காலை உயர்த்தி வைத்தோம். சின்கொபி என்று படித்த மயக்கத்தை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். அவர் கண் திறந்ததும் நீ தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே, "விழ முந்தி என்ன தெரிஞ்ச?" என்று கேட்டாய். அந்த மனிசன் யோசித்து யோசித்துச் சொன்னார். "காது அடைச்ச தங்கச்சி. மறுகா எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்ச. நல்ல நித்திர மாதிரி." நீ அதையும் எழுதினாய்.

இனி எழுத வேண்டியதுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது அதற்குப் பயந்துதான்.

என் வாப்பா என்னை அந்த வகுப்புக்கு விட்ட கதை உனக்குத் தெரியும். "ஒரு வருசம். ஒரு முறைப்பாடு வந்தாலும் வீட்ட இருந்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் விட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு மூத்த ராத்தாவின் படிப்பு அப்படித்தான் நின்றது. அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பழகிய காலம். இரத்தம் எடுக்கிறவளே நோயாளியிடம் பேரைக் கேட்க வேண்டும், நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும், பிறகு கட்டிலருகிலேயே லேபல் எழுத வேண்டும். சேர் இதை நூறு தடவை சொல்லியிருந்தார். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிப்பதற்காக நான்தான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஃபோம்களைப் பார்த்து நீ மேசையிலேயே லேபல்களை எழுதி ஒட்டி வை, நான் கட்டில் கட்டிலாகப் போய் எடுக்கிறேன் என்றேன். "சரியில்லையே புள்ள" என்றாய். நான் நச்சரித்தேன். நீ எழுதினாய்.

பதினோராம் கட்டில் கதீஜா உம்மாவுக்கு அடுத்த நாள் காலை ஒப்பரேசன். அவவுக்கு ஏற்றப்போகும் இரத்தம் பொருந்துமா என்று பார்க்கத்தான் அந்த டியூப். பன்னிரண்டாம் கட்டிலில் சுலைஹா உம்மா. சுலைஹா உம்மாவால் கீழே இறங்கித் தொழ முடியாது. அவவின் கட்டிலில் இருந்தால் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திரும்பி இருக்க ஏலாது, சுவர் இடித்தது. அதனால் பின்னேர அஸர் தொழுகைக்கு முன் இருவரும் தங்களுக்குள் கதைத்துக் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். தலைமாட்டில் பேரோடு தொங்கிய டிக்கட்டுகளை யாரும் மாற்றவில்லை.

நான் போனபோது பதினோராம் கட்டிலில் இருந்தவ தொழுது முடித்து ஒரு கை விரலில் தஸ்பீஹ் எண்ணிக்கொண்டிருந்தா. "நீங்கதானே உம்மா கதீஜா?" என்று மெதுவாகக் கேட்டேன். வாய் அசைந்தபடியே தலையை ஆட்டினா. இறைவனை நினைத்துத் திக்ர் செய்கிறவரைக் கதைக்க வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். மறுகேள்வி கேட்காமல் மற்றக் கையைப் பிடித்துக் கட்டினேன். நல்ல நாளம், ஒரே குத்தில் டியூப் நிறைந்தது. என் மரியாதையை நானே மெச்சிக்கொண்டேன்.

நீ வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். "அவ விரலால எண்ணுறது என்னெண்டு கேட்டுட்டு வாறன்" என்றாய். பஸ் போய்விடும் என்றேன். நீ போய்விட்டாய். அவ எண்ணி முடிக்கும்வரை பக்கத்தில் காத்திருந்தாய். முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு என்று அவ உனக்கு விரல் மடித்துக் காட்டியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். நீ இன்னும் ஏதோ கேட்டாய். அவ சிரித்துப் பதில் சொன்னா. அதன் பிறகு நீ ஓடி வந்தாய்.

"புள்ள, அது கதீஜா இல்ல. அவ பேர் சுலைஹா."

டியூப் என் கையில் இருந்தது. ஹீமோலைசிஸ் என்ற சொல் அப்போதுதான் எனக்கு உண்மையாகத் தெரிந்தது. பொருந்தாத இரத்தம் ஏறினால் சிவப்பணுக்கள் உடைவது டியூபுக்குள் இல்லை, கதீஜா உம்மாவின் உடம்புக்குள்.

"எறிஞ்சிட்டுப் புதுசா எடுப்பம்கா. ஆருக்கும் தெரியா" என்றேன்.

"கட்டில் மாறிக் கிடக்கே. மறுகா மருந்து குடுக்கிற ஆளும் டிக்கட்டப் பாத்துத்தானே குடுக்கும்? சிஸ்டருக்குச் சொல்லத்தான் வேணும்."

சொன்னோம். நீதான் சொன்னாய். சிஸ்டர் முதலில் ஆளனுப்பிக் கட்டில்களைச் சரிபார்த்தார். பிறகு டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஆர்ர எழுத்து?" என்று கேட்டார்.

"என்ட எழுத்து சிஸ்டர்."

"பேரக் கேக்காம எழுதினயா?"

நீ என் பக்கம் திரும்பவில்லை. "ஓம் சிஸ்டர்" என்றாய்.

அது பொய்யில்லை. நீ கேட்காமல்தான் எழுதினாய். எழுதியவளே குத்தியவள் என்று சிஸ்டர் எண்ணிக்கொண்டார். ஆனால் எழுதச் சொன்னவள் நான், குத்தியவள் நான், தலையாட்டலை நம்பியவள் நான். அதைச் சொல்ல ஒரு வசனம் போதும். வாப்பாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மிச்சக் காலத்துக்கு உன்னை நோயாளர் வாட் பக்கம் போக வேண்டாம் என்றார்கள். பழகும் நாள் குறைந்ததால் நீ அடுத்த வருசப் பிள்ளைகளோடு இருந்துதான் முடித்தாய். என் சான்றிதழ் நேரத்துக்கு வந்தது, வாப்பா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். நீ வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து, "நல்லாரிக்கி" என்றாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

அதன் பிறகும் நீ என்னைக் கேள்வி கேட்டபடியேதான் இருந்தாய். திருக்கோவில் பக்கம் வேலை கிடைத்த பிறகும் போன் எடுத்துக் கேட்பாய். இறந்தவரின் ஜனாசாவை ஏன் அவ்வளவு அவசரமாக எடுக்கிறீர்கள், சூரை மீனின் இரத்தம் ஏன் அப்படிக் கறுப்பு, அழுதால் இரத்தத்தில் ஏதும் மாறுமா. இவ்வளவும் கேட்ட நீ, "அண்டைக்கி ஏன் நீ கதைக்கல்ல?" என்று மட்டும் கேட்கவில்லை. உனக்குப் பதில் தெரிந்திருந்ததா? அல்லது அந்தப் பதிலை என் வாயால் கேட்க விரும்பவில்லையா? நான் எத்தனையோ தரம் போனைக் கையில் எடுத்துவிட்டு வேறு ஏதோ கதைத்து வைத்திருக்கிறேன். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அதுவும் எவ்வளவு உண்மையோ தெரியாது.

உன் முப்பத்தோராம் நாளுக்குக் காரைதீவுக்கு வந்தேன். உன் அம்மா என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, வந்தவர்களுக்கு அறிமுகம் செய்தா. "ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்ச. இந்தப் புள்ள முதல் வருசமே பாஸ். என்ட புள்ள ஃபெயிலாகித்தான் மறு வருசம் முடிச்ச."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். நீ வீட்டில் ஃபெயில் என்றா சொல்லியிருந்தாய்? ஹீமோவுக்கும் ஃபிளெபோவுக்கும் தலை எது வால் எது என்று எங்களுக்கெல்லாம் காட்டித் தந்தவளா ஃபெயில்?

ஆட்கள் கலையும்வரை இருந்தேன். பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் மாறியது, நான் கேட்ட விதம், சிஸ்டர் கேட்ட கேள்வி, நான் பேசாமல் நின்றது எல்லாவற்றையும். வாப்பாவைச் சாட்டாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

"அப்ப அவளுக்குப் படிப்பு ஏறாமப் போகல்லையா?" என்றா கடைசியில்.

"இல்லம்மா. எங்க எல்லாரையும் விட அவளுக்குத்தான் தெரியும்."

அம்மா சீலைத் தலைப்பை விரலில் சுற்றினா. "அந்த வருசம் முழுக்க அவள ஏசினன் மகள். அந்தப் புள்ளைக்கி ஏறின பாடம் உனக்கேன் ஏறல்ல எண்டு, விடிஞ்சா பொழுதுபட்டா அதே ஏச்சு. ஒரு சொல்லு திருப்பிக் கதைக்கல்ல. கோப்பையக் கழுவிக்கொண்டு நிப்பா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மா எழும்பி உள்ளே போனா. உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. நான் போய்த் தேற்றுகிற ஆளில்லை, அதனால் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

ஒரு வருசம் முழுக்க உன் வீட்டில் விழுந்த ஏச்சு, ஒவ்வொன்றும் எனக்குரியது. அவ்வளவையும் நீ நின்று வாங்கிவிட்டு, அடுத்த நாள் காலையில் போன் எடுத்து என்னிடம் சூரை மீனைப் பற்றிக் கேட்டிருக்கிறாய்.